கலகாரியில் கண்ட மரங்கொத்தி எது? காய்ந்த கேமல்தார்ன் கிளையில் பொந்து தோண்டிய இணை

வெயில்நிலம் (லெனேசியா)

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு, தென்னாப்பிரிக்காவின் வடக்கே கலகாரிப் பாலையில் உள்ள கலகாடி எல்லை கடந்த பூங்காவுக்குப் போய்வந்தோம். நோசோப் முகாமில் எங்கள் கூடாரத்துக்கு எதிரே கேமல்தார்ன் என்னும் பெரிய முள்மரம் ஒன்று நின்றது. அதில் ஒரு கிளை முழுவதும் பட்டுப்போயிருந்தது. அந்தக் கிளையின் அடிப்பக்கத்தில் தொங்கியபடி இரண்டு மரங்கொத்திகள் மாறி மாறிப் பொந்து தோண்டின. ஒன்று களைத்துப் பறந்ததும் மற்றது வந்து தொடரும். காலை முழுவதும் இதுதான் வேலை.

படங்கள் வெளிச்சத்துக்கு எதிராக அமைந்துவிட்டன. ஆகவே கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். முதுகு பசுமை கலந்த பழுப்பு, அதில் வெளிறிய பொட்டுகள். வயிறு வெளுப்பு, மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள். மார்பில் அந்தக் கோடுகள் நெருங்கி நெருங்கி ஏறக்குறைய கறுப்பாகவே தெரிந்தன. ஒன்றுக்கு நெற்றி முதல் பிடரி வரை சிவப்பு, இன்னொன்றுக்குப் பிடரியில் மட்டும். வாலில் மஞ்சள் உண்டு.

பறவைக் கையேட்டைப் புரட்டினால் கார்டினல் மரங்கொத்தியும் பொன்வால் மரங்கொத்தியும் இரண்டுமே பொருந்துவதாகத் தோன்றுகிறது. வீட்டுக்காரர் கார்டினல்தான் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆண்டு முழுவதும் 200 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் மணல் நாட்டில் மரங்கொத்திக்கு என்ன வேலை?

குருவிப்பித்தன் (ஃபீனிக்ஸ், டர்பன்)

அக்கா, கார்டினலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாட்டின் பெரும்பகுதியில் பரவியிருப்பது அதுதான், வறண்ட கரூ நிலப்பகுதியில் காய்ந்த ஆற்றங்கரை முள்மரங்களில்கூட இருக்கிறது. எங்கள் வீட்டு அவகாடோ மரத்துக்கும் வரும். வயிற்றில் கோடு, வாலில் மஞ்சள், இரண்டும் அதற்கு உண்டு.

மலையடிவாரம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, வாலை விட்டுவிடுவோம். தென்னாப்பிரிக்காவின் பல மரங்கொத்திகளுக்கு வால் இறகின் நடுத்தண்டு மஞ்சள்தான். வயிற்றுக் கோடும் இந்த இரண்டுக்கும் பொது. முகத்தைப் பார்க்க வேண்டும்.

கார்டினலுக்கு, ஆணோ பெண்ணோ, நெற்றி மங்கிய பழுப்பு. அலகின் அடியிலிருந்து கன்னத்தில் இறங்கும் மீசைக்கோடு இரண்டுக்கும் கறுப்பு. சிவப்பு கலக்கவே கலக்காது. ஆணின் உச்சியும் பிடரியும் மட்டும் சிவக்கும், பெண்ணுக்கு அங்கேயும் கறுப்பு. அதாவது பெண் கார்டினலின் தலையில் சிவப்பே கிடையாது. பொன்வாலில் ஆணின் நெற்றி முதல் பிடரி வரை சிவப்பு ஓடும். முன்நெற்றியில் அந்தச் சிவப்புக்கு நடுவே கறுப்பு தூவியிருக்கும். மீசையும் கறுப்புப் பொட்டிட்ட சிவப்பு. பெண்ணின் நெற்றி கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள், பிடரி மட்டும் சிவப்பு.

ஆகவே அம்மா, மூன்று கேள்விகள். பிடரியில் மட்டும் சிவப்பு இருந்த பறவையின் நெற்றி பழுப்பா, வெள்ளைப் பொட்டிட்ட கறுப்பா? சிவப்புத் தலை பறவையின் மீசை என்ன நிறம்? பக்கத்தில் வேறு ஏதாவது பறவை உட்கார்ந்ததா? கார்டினல் 15 சென்டிமீட்டர், 30 கிராம் அளவில் நிற்கும். பொன்வால் 20 சென்டிமீட்டர், எடையில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். தனியாகப் பார்த்தால் அளவு கண்ணை ஏமாற்றும், பக்கத்தில் ஒன்று இருந்துவிட்டால் ஏமாற்றாது.

வெயில்நிலம்

மூன்றுக்கும் பதில் இருக்கிறது ஐயா! ஒரு படத்தில் அதே கிளையில் சிவந்த கண் கொண்டைக்குருவி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. முகாமில் நம் தட்டிலிருந்தே ரொட்டியை எடுக்க வரும் அதே குருவி. மரங்கொத்தியும் அதுவும் உடல் நீளத்தில் சரிசமம்.

மகள் எடுத்த நிழல்பக்கப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடரிச் சிவப்புப் பறவையின் நெற்றி கருமை, அதில் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. சிவப்புத் தலை பறவையின் மீசை கன்னத்தில் சிவப்பாகத் தொடங்கி, இடையிடையே கறுப்பு படிந்து கழுத்தில் முடிகிறது.

ஒலிநாடா (சாட்ஸ்வொர்த்)

குரல் எப்படி அக்கா? நான் படத்தைவிடக் காதைத்தான் நம்புவேன். கார்டினல் மெல்லிய கீச்சுக் குரலில் கிர்ர்ர் என்று விடாமல் நடுங்கும். கிளையைத் தட்டி முரசொலிக்கவும் செய்யும், ஆனால் ஒலி சன்னமாக, வேகமாக இருக்கும். பொன்வால் முரசுக்கு அவ்வளவாகப் போவதில்லை. அது மூக்கால் அழுவதுபோல் ஒரே ஒரு நீண்ட கூவல் கொடுக்கும், வீஈஈஆ என்று இழுத்து. ஒருமுறை கேட்டால் மறக்காது. தாடி மரங்கொத்தி என்றால் விக்-விக்-விக் என்று தெளிவாக அடுக்கும். அதன் முரசு வேகமாகத் தொடங்கி, கடைசித் தட்டுகள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு விழும்.

வெயில்நிலம்

அந்த இழுத்த கூவல்தான்! ஏதோ விலங்கு வலியில் கத்துகிறது என்று நினைத்து என் அம்மா கூடாரத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். மகளின் கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது, இங்கே ஏற்றியிருக்கிறேன்.

ஒலிநாடா

கேட்டேன். பொன்வால் மரங்கொத்தி. ஐயமே இல்லை.

மலையடிவாரம்

படம், கொண்டைக்குருவிக்குச் சமமான அளவு, குரல் மூன்றும் பொன்வால் பக்கம் நிற்கின்றன. மார்பு கறுத்திருந்தது என்றீர்களே, அதுவும் இதற்கு ஒத்துவருகிறது. நமீபியாவிலும், நோசோப் இருக்கும் வட கேப் மாகாணத்திலும் வாழும் பொன்வால்களுக்குத் தொண்டையிலும் மார்பிலும் கருமை கூடுதல். டர்பன் பக்கத்துப் பறவையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு இனமாகவே தோன்றும். கையேட்டுப் படங்கள் பெரும்பாலும் கிழக்குப் பறவையைக் காட்டுவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

மற்றவற்றை விலக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பென்னட் மரங்கொத்தியின் மார்பில் இருப்பது பொட்டு, கோடு அல்ல. அதன் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழேயும் தொண்டையிலும் பழுப்புத் திட்டு உண்டு. பெரும்பாலும் தரையில் இறங்கி எறும்பு தின்னும். தாடி மரங்கொத்தி இன்னும் பெரியது, வெள்ளை முகத்தில் அழுத்தமான கறுப்பு மீசை, வயிற்றில் குறுக்குப் பட்டைகள். மரமே தேவைப்படாத தரை மரங்கொத்தியும் நம் நாட்டில் இருக்கிறது. சானி கணவாய்ப் பாதையில் பாறை உச்சியில் நின்று கூவும், சாம்பல் தலையும் சிவந்த வயிறும். மண் சரிவில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். ஆனால் அது மலைப் பறவை, கலகாரி மணலுக்கு வராது.

கிம்பர்லி தச்சன் (கிம்பர்லி)

வணக்கம். பறவை பற்றி எனக்கு அதிகம் தெரியாது, மரம் பற்றித் தெரியும். கேமல்தார்னின் வைரம், அதாவது தண்டின் கெட்டியான உள்மரம், எத்தகையது என்று அதை அறுத்தவனுக்குத்தான் விளங்கும். கரும்பழுப்பு நிறம், காய்ந்த பிறகும் தண்ணீரில் போட்டால் மூழ்கும். ரம்பத்தின் பல் மழுங்கிப்போகும். என் பட்டறையில் அதை அறுக்கும் நாளில் வேறு மரத்தைத் தொடுவதில்லை, அறுத்து முடித்ததும் பிளேடைத் தீட்டவே நேரம் சரியாக இருக்கும். இதில் ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத பறவை பொந்து போடுகிறது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. தோண்டும்போது கீழே விழுந்த சிராய் எப்படி இருந்தது அம்மா? கறுப்பா, வெளுப்பா?

வெயில்நிலம்

வெளுப்பு ஐயா. மகள் கொஞ்சம் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். விரலால் நசுக்கினால் மாவாகிவிட்டது. லேசான மஞ்சள், காளான் வாடை. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டோம்.

கிம்பர்லி தச்சன்

அப்படியானால் புரிகிறது. அது வைரம் அல்ல, வெளிமரம். கேமல்தார்னில் பட்டைக்கு உட்புறம் வெளுத்த அடுக்கு ஒன்று உண்டு. வண்டு முதலில் விழுவது அதில்தான். நாங்கள் செதுக்கி எறிந்துவிடுவோம். பட்ட கிளையில் பூஞ்சணம் பிடித்து அது உளுத்துப்போகும். உங்கள் பறவை வைரத்தைத் தொடவே இல்லை, உளுத்த இடத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நாங்களும் பலகை வாங்கும்போது சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித்தான் பார்ப்போம். உள்ளே கெட்டிருந்தால் ஒலி மாறிவிடும்.

குருவிப்பித்தன்

அருமையான விளக்கம் ஐயா! மண்டை ஓட்டில் பஞ்சு போன்ற எலும்பு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்று பள்ளியில் படித்தோமே, அது எல்லா மரங்கொத்திக்கும் பொதுவா?

மலையடிவாரம்

அந்த விளக்கத்தை 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மறுத்துவிட்டது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் குழுவினர் மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் பிடித்து, அலகும் மண்டையும் எந்த வேகத்தில் நிற்கின்றன என்று அளந்தார்கள். இரண்டும் ஒரே விறைப்பில் நிற்கின்றன. இடையில் எதுவும் அமுங்கி அதிர்ச்சியை விழுங்குவதில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி, சுத்தியலின் தலையில் பஞ்சு வைத்தால் ஆணி இறங்குமா? மூளை மிகச் சிறியது என்பதால் அந்த அதிர்ச்சி அதற்குக் கேடு செய்யும் அளவை எட்டுவதில்லை என்பது அவர்கள் முடிவு.

என் மனத்தைக் கவர்வது மண்டை அல்ல, வால். மரத்தில் நிற்கும்போது இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. மூன்றாவது ஊன்றுகோல் விறைத்த வால் இறகுகள். மற்ற பறவைகள் பலவற்றுக்கு நடு வால் இறகுதான் முதலில் உதிரும். மரங்கொத்தியிலோ நடு இணை கடைசிவரை நிற்கும், பக்கத்து இறகுகள் புதிதாக முளைத்து ஊன்றும் வலு வந்த பிறகே உதிரும். ஊன்றுகோல் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

ஆரஞ்சு ஆற்றங்கரை (அப்பிங்டன்)

பாலையில் மரங்கொத்திக்கு என்ன வேலை என்று வெயில்நிலம் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் இந்தப் பக்கத்தில் இருப்பவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நோசோப், அவுவோப் என்று பெயருக்குத்தான் ஆறுகள். தண்ணீர் ஓடுவதைக் காணும் பேறு அபூர்வம். ஆனால் மணலுக்கு அடியில் ஈரம் உண்டு. கேமல்தார்னின் வேர் 60 மீட்டர் ஆழம்வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. மேலே எல்லாம் கருகிக் கிடக்கும்போது காய்ந்த ஆற்றின் இரு கரையிலும் இந்த மரங்கள் மட்டும் பச்சையாக நிற்கும். பொன்வால் வாழ்வது அந்த வரிசையில்தான். செந்நிற மணல்மேட்டில் போய்த் தேடினால் கிடைக்காது.

சாப்பாடு பெரும்பாலும் மரத்தில் ஊரும் எறும்பும் அதன் முட்டையும் புழுவும். கிளையின் அடிப்பக்கத்தில் தொங்கியபடி நாக்கை நீட்டி எடுக்கும். அதனால் கார்டினலோடு பெரிய போட்டி இல்லை. கார்டினல் சின்னக் கிளைகளைக் கொத்தி வண்டுப் புழு எடுக்கும், பல நேரம் வேறு குருவிகளோடு கலந்து கூட்டமாக வரும். பொன்வால் தடித்த கிளைக்காரன். இரண்டையும் ஒரே மரத்தில் பார்த்திருக்கிறேன், ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. தண்ணீர்த் தேவையின் பெரும்பகுதி இரையின் ஈரத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது பொந்து. குஞ்சு பொரிக்க மட்டும் அல்ல, இரவு தங்கவும் அதுதான். ஜூலையில் நோசோப்பில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், கோடையில் பகல் 40 டிகிரியைத் தாண்டும். தடித்த மரச்சுவருக்குள் இரண்டும் தணியும். மரங்கொத்திகளில் இரவில் முட்டைமேல் உட்காருவது பெரும்பாலும் ஆண். பொந்தின் வாயைக் கிளையின் அடிப்பக்கமாக வைத்தால் மழை உள்ளே இறங்காது, மேலே ஊர்ந்து வரும் பாம்புக்கும் பிடிமானம் குறைவு. சமூகத் தூக்கணாங்குருவிகளின் பெரிய கூட்டுக்குள் கேப் நாகம் புகுந்து அறை அறையாகக் குஞ்சு தின்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மரங்கொத்தி விட்டுப்போன பொந்து காலியாகக் கிடப்பதே இல்லை. முத்துப்புள்ளிச் சிற்றாந்தை, சாம்பல் பட்டாணிக்குருவி, வளைந்த அலகுடைய சிமிட்டார்பில், எல்லாம் அதற்குக் காத்திருக்கும். அவற்றால் மரத்தைத் துளைக்க முடியாது. ஒரு மரங்கொத்தி இணை ஒரு வசந்தத்தில் தோண்டிய பொந்தில் பல ஆண்டுகளுக்கு வேறு வேறு குடும்பங்கள் வாழ்கின்றன.

ஒலிநாடா

என் அத்தை மகள் அமெரிக்காவில் டூசானில் இருக்கிறாள். அங்கே சோனோரா பாலைவனத்தில் கீலா மரங்கொத்தி சகுவாரோ என்னும் ராட்சதக் கள்ளியில் பொந்து போடுகிறது. கள்ளி உயிரோடு இருக்கும்போதே போடும். காயம்பட்ட கள்ளி சாறு கசிந்து, பொந்தின் உட்சுவரை மரப்பட்டை போன்ற கெட்டி ஓட்டால் மூடிக்கொள்ளும். அது காய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பறவை உடனே குடிபோவதில்லை. கள்ளி செத்து உதிர்ந்த பிறகும் அந்த ஓடு மட்டும் தரையில் கிடக்குமாம். கீலா விட்டுப்போனதும் எல்ஃப் ஆந்தை என்ற மிகச் சிறிய ஆந்தை அதில் குடியேறும். அங்கே ஆந்தை, இங்கேயும் ஆந்தை!

ஆரஞ்சு ஆற்றங்கரை

நல்ல ஒப்பீடு, ஆனால் ஒரு பெரிய வேறுபாடு தங்கச்சி. சகுவாரோ உயிரோடு இருக்கும்போதே வீடு கொடுக்கிறது. கேமல்தார்ன் அப்படி அல்ல, அதன் உயிருள்ள கிளையில் பொன்வாலால் ஒன்றும் செய்ய முடியாது. பட்ட கிளை வேண்டும், அதுவும் நின்று உளுத்த கிளை. அந்தக் கிளையைத்தான் நாம் பை பையாகக் கட்டி பெட்ரோல் பங்கில் விற்கிறோம். பிராய் என்னும் தணலில் இறைச்சி சுடும் விருந்துக்கு இதைவிட நல்ல தணல் இல்லை என்று கேப் டவுன் வரை லாரியில் போகிறது.

சனிக்கிழமை அடுப்பு (ஜொஹானஸ்பர்க்)

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். உயிருள்ள மரத்தை வெட்டினால் நானும் எதிர்ப்பேன். செத்த மரம் எதற்கு அண்ணா? விழுந்து கரையான் தின்னப்போவதுதானே. வட கேப்பில் வேறு வேலை இல்லாதவர்கள் அதைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கிறார்கள். பறவைக்காக அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா?

ஆரஞ்சு ஆற்றங்கரை

தம்பி, கேள்வி நியாயமானது. விறகு பொறுக்குபவர்கள் என் அண்டை வீட்டார், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பையில் அவர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு, இடையில் இருப்பவருக்குக் கிடைப்பது எவ்வளவு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

செத்த மரம் வீண் என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். மேலே தச்சர் ஐயா சொன்னதைப் பாருங்கள். கிளை பட்டுப்போன பிறகு வண்டு வர வேண்டும், பூஞ்சணம் பிடிக்க வேண்டும், வெளிமரம் உளுக்க வேண்டும். அதன் பிறகுதான் அது மரங்கொத்திக்கு உதவும். இந்த வறட்சியில் அழுகலும் மெதுவாகத்தான் நடக்கும். கேமல்தார்ன் மெல்ல வளர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் வாழும் மரம். இன்று நாம் எரிக்கும் கிளைக்கு மாற்று நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தயாராகாது. கரையான் தின்றாலும் அது இங்கேயே எறும்புக்கும் பறவைக்கும் மண்ணுக்கும் போய்ச்சேரும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கேமல்தார்ன் 1998-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம். வெட்டுவதற்கு மட்டும் அல்ல, அதிலிருந்து கிடைப்பதைச் சேகரிக்க, ஏற்றிச்செல்ல, விற்க, வாங்கவும் உரிமம் வேண்டும். வாங்கவும் என்பதைக் கவனியுங்கள், அது நம்மைத்தான் குறிக்கிறது.

மாற்று இல்லாமல் பேசவில்லை. இங்கே ஸ்வார்ட்ஹாக் என்னும் கொக்கிமுள் புதர் மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொண்டு போகிறது. ஆடு மாடு அளவுக்கு மீறி மேய்ந்து புல் போன இடத்தில் அது குவிந்து வளரும். பண்ணைக்காரர்களே அதை வெட்டி அகற்றப் பணம் செலவழிக்கிறார்கள். தணலும் நன்றாக நிற்கும். அதை விறகாக்கினால் அதே ஆட்களுக்கு வேலையும் இருக்கும், கேமல்தார்னும் நிற்கும்.

சனிக்கிழமை அடுப்பு

ஸ்வார்ட்ஹாக் இங்கே கிடைக்குமா? பையின்மேல் என்ன எழுதியிருக்கும்?

ஆரஞ்சு ஆற்றங்கரை

ஸ்வார்ட்ஹாக் என்றோ பிளாக்தார்ன் என்றோ இருக்கும். கமீல்டோரிங் என்று இருந்தால் அது கேமல்தார்ன். வெறும் 'கடின விறகு' என்று மட்டும் இருந்தால் எந்த மரம், எங்கிருந்து வந்தது, உரிமம் உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் லாரிக்காரரிடம் கேட்பார்.

கிம்பர்லி தச்சன்

நான் வாங்கும் ஒவ்வொரு கட்டைக்கும் உரிமத் தாளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

வெயில்நிலம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள் மிச்சம். இந்தப் பதிவை எங்காவது சேர்க்க முடியுமா? எங்கள் லெனேசியா வீட்டுத் தோட்டத்தில் ஒரு பட்ட மரம்கூட இல்லை, இங்கே வரும் பறவைக்கு ஏதாவது செய்யலாமா?

ஒலிநாடா

தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2007 முதல் நடக்கிறது அக்கா. நிலம் முழுவதையும் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பேர்ட்லேசர் செயலியில் இடமும் நாளும் குறித்து அனுப்பினால் அந்தக் கட்டத்தில் சேர்ந்துவிடும். இணையாகத் தோண்டியதையும் குறிப்பில் எழுதுங்கள், வெறும் பெயரைவிட அது பயன் தரும். வறண்ட வட கேப்பில் போய்ப் பட்டியல் எடுப்பவர்கள் குறைவு, அங்கிருந்து வரும் ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பு கூடுதல்.

மலையடிவாரம்

தோட்டத்துக்கு ஆனைக் கற்றாழையின் காய்ந்த பூத்தண்டு, சைசல் கட்டை என்று விற்பார்கள், ஒன்று வாங்குங்கள். உள்ளே மெத்தென்று இருப்பதால் குக்குறுவான்கள் விரும்பித் துளைக்கும், மரங்கொத்தியும் சில சமயம் வரும். மரத்தின் தண்டோடு சேர்த்து நிமிர்ந்து நிற்கும்படி இறுக்கிக் கட்டுங்கள், தொங்கவிட்டால் ஆடும், பறவை வராது. மாலை வெயில் நேராக விழாத பக்கமாக இருக்கட்டும். துளையை நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். தோண்டுவதும் அவற்றின் இணைசேர்தலில் ஒரு பகுதி. ஆகஸ்டுக்கு முன்பே கட்டிவிட்டால் இந்தப் பருவத்துக்கே கிடைக்கும். பூனை இருக்கிறதா வீட்டில்?

வெயில்நிலம்

பக்கத்து வீட்டில் இருக்கிறது ஐயா.

மலையடிவாரம்

அப்படியென்றால் தலைக்கு மேல் நன்றாக உயர்த்திக் கட்டி, அடிமரத்தில் வழவழப்பான தகரம் ஒரு முழ உயரத்துக்குச் சுற்றிவிடுங்கள். மரம் பருக்கும்போது இறுகாமல் ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும்.